பட்டிப் பொங்கல் முடிந்ததும் குல்மர்க்

ஊட்டிக்குப் போய்த் தொட்டபெட்டா பார்க்காதவர் கொங்கு நாட்டில் குறைவு. அந்தச் சிகரத்தின் உயரம் 2,637 மீட்டர். காஷ்மீரத்தின் குல்மர்க் புல்வெளி 2,650 மீட்டரில் இருக்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம்தான். ஆனால் தொட்டபெட்டாவில் மார்கழி இரவில் புல்நுனியில் படியும் உறைபனி, காலை வெயில் ஏறியதும் காணாமல் போய்விடும். குல்மர்க்கில் தை மாதம் கொட்டுகிற பனி வீட்டுக் கூரைகளை மூடி, பங்குனி வரைக்கும் கிடக்கும். அந்தப் பனியின் மேல் கால்களில் பலகை கட்டிக்கொண்டு இறங்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் மகளின் ஆசை. நாங்களும் சேர்ந்துகொண்டோம். திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் என் மனைவியின் தம்பியும் உடன் வந்தார்.

கோவையில் எந்த டிராவல்ஸில் கேட்டாலும் காஷ்மீருக்கு ஆறு இரவு, ஏழு பகல் என்று ஒரு தாளைக் கொடுப்பார்கள். ஸ்ரீநகர், சோனமர்க், பஹல்காம் எல்லாம் அதில் இருக்கும். குல்மர்க்குக்கு ஒரே ஒரு பகல். காலை பத்து மணிக்குப் போய் இறங்கி, வாடகைக் கோட்டும் கம்பூட்டும் மாட்டி, கோண்டோலா கேபிள் கார் வரிசையில் நின்று மேலே போய்ப் படம் எடுத்து, ஸ்லெட்ஜ் வண்டியில் உட்கார்ந்து ஒரு சுற்று இழுபட்டு, மாலை நான்கு மணிக்குத் திரும்பிவிட வேண்டும். பனிச்சறுக்கு என்ற பெயரில் கால் மணி நேரம் பலகையில் நிற்கவைத்துக் கைபிடித்து இழுத்துவிடுவார்கள். மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போனவர்களுக்கு இது போதாது. என் யோசனை இதுதான்: ஊர் ஊராகச் சுற்றும் அந்தத் தாளை மடித்து வைத்துவிடுங்கள். குல்மர்க்கிலேயே ஒரு வாரம் தங்குங்கள். ஒரே சரிவில், ஒரே பயிற்சியாளரிடம், தினமும் காலையில் போய் நில்லுங்கள்.

எப்போது போவது என்பதில்தான் நம் ஊர்க்காரர்களுக்குச் சிக்கல். பள்ளி அரையாண்டு விடுமுறை டிசம்பர் கடைசியில் வருகிறது. காஷ்மீரிகள் சில்லை கலான் என்று சொல்லும் கடுங்குளிரின் நாற்பது நாள் கணக்கு டிசம்பர் 21-இல்தான் தொடங்குகிறது. அதன் முதல் வாரத்தில் சறுக்குவதற்குத் தோதான பனி சேர்ந்திருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. 2024 ஜனவரியில் குல்மர்க் பனியே இல்லாமல் பழுப்புப் புல்லாகக் கிடந்ததைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். மாதக் கடைசியில்தான் பனி வந்தது. 2025-இல் பிப்ரவரியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டியைப் பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளி வைத்தார்கள். ஆகவே ஜனவரி கடைசி வாரமும் பிப்ரவரியும் ஓரளவு நம்பத் தகுந்த காலம். எங்கள் வீட்டில் பட்டிப் பொங்கலுக்கு மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் பூசி, பட்டியில் பொங்கல் வைக்காமல் யாரும் வெளியூர் கிளம்புவதில்லை. அதை முடித்துக்கொண்டு, குழந்தைக்குப் பள்ளியில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டோம். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்த வருடம் இந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பது நல்லது.

விமானம் என்றால் கோவை பீளமேட்டிலிருந்து டெல்லி அல்லது மும்பை போய் ஸ்ரீநகருக்கு மாற வேண்டும். டெல்லியில் மூடுபனி, ஸ்ரீநகரில் பனிப்பொழிவு, இரண்டுமே அந்த மாதங்களில் விமானங்களைத் தாமதப்படுத்தும், ரத்தும் ஆக்கும். போகும்போதும் வரும்போதும் ஒவ்வொரு நாளைக் கையிருப்பாக வையுங்கள். ஊர் திரும்பிய மறுநாளே கல்யாணம், காதுகுத்து என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். ரயிலை விரும்புகிறவர்களுக்கு ஒரு நல்ல வழி பிறந்திருக்கிறது. கன்னியாகுமரியிலிருந்து வாரம் ஒருமுறை கிளம்பும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் கோவை, ஈரோடு, சேலம் வழியாக வைஷ்ணோதேவி கத்ரா வரை போகிறது. கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூன் முதல் செனாப் பாலத்தின் மேலாக வந்தே பாரத் ஓடுகிறது. மூன்று நாள் பயணம்தான், ஆனால் நாட்டின் நீளத்தை முழுதாகப் பார்க்கலாம்.

செல்போன் விஷயம் முக்கியம். தமிழ்நாட்டு ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு வேண்டும். குடும்பத்தில் ஒருவராவது கிளம்பும் முன்பே மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கோண்டோலா டிக்கெட்டின் ஓடிபிகூட வந்து சேராது.

2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டதை மறந்துவிட்டு யாரும் காஷ்மீர்ப் பயணத்தைத் திட்டமிட முடியாது. அரசு அறிவிப்புகளைக் கிளம்பும் வாரம் வரை கவனியுங்கள். எந்த இடம் திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பது மாறிக்கொண்டே இருக்கும். நாங்கள் சந்தித்த ஓட்டுநர்களும் கடைக்காரர்களும் அந்தத் துயரத்தைப் பற்றித் தாங்களாகவே பேசினார்கள். வருகிறவர்கள் நின்றுபோனால் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாது என்பதையும் அந்தப் பேச்சில் கேட்டேன்.

ஸ்ரீநகரிலிருந்து குல்மர்க் ஐம்பது கிலோமீட்டர். கடைசி பதின்மூன்று கிலோமீட்டர், தங்மர்க்கிலிருந்து மேலே ஏறும் வளைவுப் பாதை. பனி கொட்டியிருந்தால் சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டியோ, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியோதான் மேலே போகும். தங்மர்க்கில் வண்டி நின்றதும் கோட்டு, கம்பூட்டு, கையுறை வாடகைக்குத் தருகிறவர்கள் சூழ்ந்துகொள்வார்கள். அங்கே மைத்துனர் ஒரு கோட்டின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "மாமா, மேல்துணி நல்லாத்தான் இருக்குதுங். உள்ளே வெச்சிருக்கிற பஞ்சு கெட்டிபட்டுப் போச்சுங். ஈரம் ஏறினா மறுபடி காயவே காயாது" என்றார். நாங்கள் ஊரிலிருந்தே உடுப்பு கொண்டுபோயிருந்ததால், வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டு மேலே ஏறினோம்.

உடுப்பைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். உலகத்துக்குப் பருத்திப் பனியன் தைத்து அனுப்புகிற ஊரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் சொல்வது சங்கடம்தான், இருந்தாலும் பனியில் உடம்பை ஒட்டிப் பருத்தி போடவே கூடாது. சறுக்கப் பழகும்போது வேர்த்துக் கொட்டும். பருத்தி அந்த வேர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். ஐந்து நிமிடம் நின்றால் போதும், ஈரத் துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். மைத்துனர் இதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்துவிட்டார். உடம்பை ஒட்டி மெல்லிய பாலியஸ்டர் தெர்மல். கம்பளி வாங்க முடிந்தவர்களுக்கு மெரினோ இன்னும் நல்லது. அதன் மேல் ஃப்ளீஸ். எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட், அதே போன்ற பேண்ட். ஒரே தடிமனான கோட்டைவிட இந்த மூன்று அடுக்கு நல்லது; வேர்த்தால் நடுவில் உள்ளதைக் கழற்றலாம். ஜீன்ஸ் பேண்ட்டைப் பெட்டியிலேயே வைக்காதீர்கள். திருப்பூரில் இப்போது செயற்கை இழையில் விளையாட்டு உடைகள் தைக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. காதர்பேட்டையில் பொறுமையாகத் தேடினால் உள் அடுக்கும் ஃப்ளீஸும் அங்கேயே கிடைக்கும். மேல் ஜாக்கெட்டையும் பேண்ட்டையும் குல்மர்க்கில் உள்ள நல்ல ஸ்கீ கடைகளில் வாடகைக்கு எடுத்தால் போதும். கையுறை மட்டும் சொந்தமாக இருக்கட்டும், அதுவும் தண்ணீர் புகாததாக இருக்கட்டும்.

கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் அலங்காரம் என்று நினைக்கிறவர்கள் நம்மில் அதிகம். புதுப் பனி, மேலே படும் புற ஊதாக் கதிரில் எண்பது சதவீதம் வரை திருப்பி அனுப்பும். வெயில் தலைக்கு மேலிருந்தும் காலுக்குக் கீழிருந்தும் அடிக்கும். மேகம் மூடிய நாளில்கூட முகம் கருகும், கண் எரியும். மூக்குக்கு அடியிலும் தாடைக்கு அடியிலும் சன்ஸ்கிரீன் தடவ வேண்டும். நாம் வழக்கமாக விட்டுவிடும் இடம் அதுதான்.

உடம்பைத் தயார் செய்ய ஜிம் தேவையில்லை. சறுக்கும்போது தொடையின் முன்தசைதான் முழுப் பாரத்தையும் தாங்குகிறது; முழங்காலை மடக்கியபடியே இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறியவர்களுக்கு இது தெரிந்த வலி. ஏறும்போது மூச்சுதான் வாங்கும், இறங்கும்போதுதான் மூங்கில் தடியை ஊன்றியும் தொடை நடுங்கும். அந்த நடுக்கம் பழகிய கால்தான் பனியில் நிற்கிறது. வனத்துறை வெள்ளியங்கிரிக்கு விடுவது பிப்ரவரியிலிருந்து மே வரை என்பதால், பொங்கல் முடிந்து குல்மர்க் போகிறவர்களுக்கு அது உதவாது. சென்னிமலை, திருச்செங்கோடு, மருதமலைப் படிகள் இருக்கின்றன. இரண்டு மாதத்துக்கு முன்பிருந்தே வாரம் இரண்டு முறை ஏறுங்கள், இறங்குவதற்கு பஸ் பிடிக்காமல் படியிலேயே மெதுவாக இறங்குங்கள். என் மனைவி செய்தது இதைத்தான். எங்களில் கடைசி நாள் வரை கால்வலி என்று சொல்லாதவர் அவர் ஒருவர்தான்.

குல்மர்க்கில் பனிச்சறுக்கு நேற்று வந்தது இல்லை. 1927-இல் ஆங்கிலேயர்கள் இங்கே இந்திய ஸ்கீ கிளப்பைத் தொடங்கினார்கள். 1948-இல் ராணுவம் தொடங்கிய ஸ்கீ பள்ளிதான் இன்று உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியாக வளர்ந்திருக்கிறது. சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்தியப் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனமும் இங்கேதான் இருக்கிறது. பயிற்சி வகுப்பில் இடம் கிடைத்தால் அதுவே முதல் தேர்வாக இருக்கட்டும். கருவிகள், பயிற்சி, ஒழுங்கான நேர அட்டவணை எல்லாம் ஒன்றாகக் கிடைக்கும். இடங்கள் குறைவு என்பதால் குளிர்காலம் தொடங்கும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் உரிமம் பெற்ற தனிப் பயிற்சியாளரை முழு வாரத்துக்கும் பேசிக்கொள்ளுங்கள். ஒரு மணிக்கு இவ்வளவு, ஒரு நாளைக்கு இவ்வளவு, கருவி வாடகை அதில் சேர்ந்ததா இல்லையா என்பதையெல்லாம் முதலிலேயே தெளிவாகப் பேசிவிட்டால் பிறகு மனக்கசப்பு வராது.

கருவிக் கடையில் அவசரம் கூடாது. எல்லாமே பூட்ஸில்தான் இருக்கிறது. எங்கள் பயிற்சியாளர், தங்மர்க் பக்கத்து இளைஞர், மகளின் பூட்ஸை மாட்டிவிட அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். நீளமான கம்பளிக் காலுறை ஒரே ஒரு ஜோடிதான். தெர்மல் பேண்ட்டின் நுனியைப் பூட்ஸுக்குள் விடாமல் மேலே இழுத்துவிட்டார். துணி மடிப்பு உள்ளே இருந்தால் கணுக்கால் தோல் உரிந்துவிடும். நிமிர்ந்து நின்றால் கட்டைவிரல் முன்சுவரை லேசாகத் தொட வேண்டும், முழங்காலை முன்னால் மடக்கினால் விரல் விலக வேண்டும், குதிகால் மட்டும் எழும்பவே கூடாது. பிறகு ஒவ்வொரு கொக்கியாக இறுக்கினார். பலகையின் நீளம் புதியவருக்கு மோவாய் வரை இருந்தால் போதும். காலையும் பலகையையும் பிணைக்கும் பைண்டிங்கை உங்கள் எடை, உயரம், திறமையை வைத்துத்தான் முறுக்குவார்கள். விழும்போது அது சரியான நேரத்தில் கழன்றுகொள்ளாவிட்டால் முழங்கால் திருகிக்கொள்ளும். அதனால் எடையைக் குறைத்தும் திறமையைக் கூட்டியும் சொல்லக் கூடாது. ஹெல்மெட் இல்லாமல் சரிவில் கால் வைக்க வேண்டாம்.

முதல் நாள் காலை முழுக்கச் சறுக்கவே இல்லை. சமதளத்தில் ஒற்றைப் பலகையோடு நடந்தோம். பிறகு சரிவுக்குக் குறுக்காகப் பலகையை வைத்துப் பக்கவாட்டில் படிப்படியாக ஏறினோம். விழுவதையும் எழுவதையும் தனியாகச் சொல்லிக்கொடுத்தார்: மேட்டுப் பக்கமாகச் சாய்ந்து இடுப்பில் விழ வேண்டும், கையை ஊன்றக் கூடாது, எழுவதற்கு முன் இரண்டு பலகையையும் சரிவுக்குக் குறுக்கே கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் எழும்போதே பலகை ஓடிவிடும். மதியத்துக்கு மேல்தான் பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை அகட்டி, வேகத்தை அடக்கும் நிலையைக் காட்டினார். குழந்தைகளுக்குச் சொல்லும்போது இதை 'பீட்சா' என்பார்கள். மகள் உடனே பிடித்துக்கொண்டாள். மைத்துனர் பயத்தில் பின்னால் சாய்ந்தார். சாய்ந்தவுடன் பலகை இன்னும் வேகமாக ஓடியது.

"பாயி சாப், ஆகே, ஆகே" என்று கத்தினார் பயிற்சியாளர். 'ஆகே' என்றால் முன்னால். முன்னங்கால் எலும்பு பூட்ஸின் முன்நாக்கை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். பயம் உடம்பைப் பின்னுக்கு இழுக்கும், சறுக்கு முன்னுக்குக் கேட்கும். முதல் இரண்டு மூன்று நாள் வேலை இந்த ஒன்றைப் பழகுவதுதான். ஒரே பகலில் வந்து போகிறவர்களுக்கு இது ஏன் கிடைப்பதில்லை என்று அந்தச் சரிவில் நின்றபோது எனக்கு நன்றாகப் புரிந்தது. உடம்பு ஒரு புதுப் பழக்கத்தை ஏற்றுக்கொள்ள இரவுத் தூக்கம் இரண்டு மூன்று வேண்டும். நான்காவது நாளில் மைத்துனர் இடமும் வலமுமாகத் திரும்பிக்கொண்டே கீழே வந்து தானாக நின்றார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கம்பெனியில் பெரிய ஆர்டர் வந்த நாளில்கூட நான் பார்த்ததில்லை.

கோண்டோலா பற்றி ஒரு எச்சரிக்கை. முதல் கட்டம் 1998-இலும், அபர்வத் மலைத்தோளுக்குப் போகும் இரண்டாம் கட்டம் 2005-இலும் ஓடத் தொடங்கின. முதல் கட்டம் கொங்டோரியில் 3,000 மீட்டருக்கு மேல் இறக்கிவிடும். இரண்டாவது 3,900 மீட்டரைத் தாண்டிப் போகும். டிக்கெட்டை ஜம்மு காஷ்மீர் கேபிள் கார் கழகத்தின் இணையதளத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். மேலே காட்சிக்காகப் போகலாம். ஒரு வாரப் பயிற்சியோடு மேலிருந்து சறுக்கி இறங்கப் போக வேண்டாம். அந்தச் சரிவுகள் யாரும் சீர்செய்யாத மலை. வெளிநாட்டு வீரர்கள் தேடி வருவதும் அந்த மிருதுவான ஆழ்பனிக்காகத்தான், பனிச்சரிவு ஆளைக் கொல்வதும் அங்கேதான். 2010 பிப்ரவரியில் அருகிலுள்ள கிலன்மர்க்கில் பயிற்சியில் இருந்த ராணுவ வீரர்கள் 17 பேர் பனிச்சரிவில் இறந்தார்கள். 2023 பிப்ரவரியில் போலந்துக்காரர் இருவர், 2024 பிப்ரவரியில் ஒரு ரஷ்யர். இவர்களில் யாரும் நம்மைப் போல நேற்றுப் பலகை கட்டியவர்கள் அல்ல. குல்மர்க் ஸ்கீ ரோந்துக் குழு மேலே போகக் கூடாது என்று சொல்லும் நாளில் அந்தச் சொல்லை மீறாதீர்கள். பொதுவான பயணக் காப்பீட்டில் சாகச விளையாட்டு சேராமல் இருக்கக்கூடும். பனிச்சறுக்கு என்ற சொல் பாலிசியில் இருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அறையில் இரவு கழிப்பதும் ஒரு கலை. புகைபோக்கி வைத்த விறகு அடுப்பான புகாரி, மின்சாரப் போர்வை, வெந்நீர்ப் பை எல்லாம் தருவார்கள். கேஸ் ஹீட்டரையோ கரி நெருப்பையோ மூடிய அறையில் வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது. கார்பன் மோனாக்ஸைடு வாசனை இல்லாமல் கொல்லும். அந்த ஊர்க்காரர்கள் ஃபெரன் அங்கிக்குள் பிடித்திருக்கும் காங்டி நெருப்புக் கூடையை ஆசைப்பட்டு வாங்கிப் பிடித்துப் பார்க்கலாம், படுக்கைக்குக் கொண்டுபோக வேண்டாம். உயரம் சிலருக்குத் தலைவலி தரும். முதல் நாள் ஓய்வெடுங்கள், தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஊரிலேயே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

சைவக்காரர்கள் பயப்பட வேண்டியதில்லை. ராஜ்மா, ஹாக் கீரை, தாமரைத் தண்டில் தயிர் ஊற்றிச் செய்யும் நத்ரு யக்னி, எல்லாமே சோற்றுக்குத் தோதானவை. உப்பு போட்ட இளஞ்சிவப்பு நூன் சாய் முதல் மிடறில் பிடிபடாது. சரிவிலிருந்து களைத்து வந்து குடிக்கும்போது அந்த உப்பு எதற்கு என்று உடம்பே சொல்லும். அசைவம் சாப்பிடுகிறவர்கள் ஸ்ரீநகரில் கையிருப்பாக வைத்த அந்த ஒரு நாளில் காலை ஏழு மணிக்கே எழுந்து ஹரீசா கடைக்குப் போய்விடுங்கள். இரவெல்லாம் வேகவைத்து மசித்த ஆட்டிறைச்சி குளிர்காலத்தில் மட்டும்தான் கிடைக்கும், சீக்கிரம் தீர்ந்தும் விடும்.

தெற்கத்திக்காரர்களுக்கு இதெல்லாம் ஒத்துவருமா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். குடகிலிருந்து போன பவானி கேலோ இந்தியா போட்டிகளில் நெடுந்தூரப் பனிச்சறுக்கில் பதக்கங்கள் வாங்கியிருக்கிறார். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகப் போன ஆரிஃப் கான் குல்மர்க் சரிவுகளில் பழகியவர். நாங்கள் இருந்தபோது பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வந்து அதே சரிவில் பழகிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாறு வயதுக் குழந்தைகள் எங்களைத் தாண்டிப் போனார்கள்.

காஷ்மீர் வேண்டாம் என்பவர்களுக்கு உத்தராகண்டின் ஆவ்லி இருக்கிறது. கட்வால் மண்டல் விகாஸ் நிகம் அங்கே ஏழு நாள், பதினான்கு நாள் பயிற்சி நடத்துகிறது. 2011-இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டி நடந்த இடம். 2023 ஜனவரியில் ஆவ்லிக்குக் கீழே உள்ள ஜோஷிமட்டில் நிலம் பிளந்தபோது அங்கிருந்து ஏறும் கேபிள் கார் நிறுத்தப்பட்டதால், சாலை வழியாகவே ஏறிப் போவதாகத் திட்டமிடுங்கள். மணாலிக்கு மேலே சோலங்கில் அடல் பிகாரி வாஜ்பாய் மலையேற்ற நிறுவனத்தின் வகுப்புகள் நடக்கின்றன. எங்கே போனாலும் கணக்கு ஒன்றுதான்: ஒரே ஊர், ஒரு வாரம், ஒரு ஆசிரியர். மைத்துனர் அடுத்த வருடத்துக்கு ஆவ்லியின் பதினான்கு நாள் வகுப்பைக் குறித்து வைத்திருக்கிறார். தை மாத ஆர்டர்களைக் கார்த்திகைக்குள் முடித்து அனுப்ப வேண்டும் என்று கம்பெனியில் இப்போதே சொல்லிவிட்டாராம்.